திடலைப் பறித்தவர்கள் பேசும் தரம்!

“அரசுப் பள்ளியா? அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார்கள்.

கேட்போர் யார்? நாற்சந்திதோறும் ஆளுயரப் பலகை நிறுத்தி, அதில் பிள்ளைகளின் முகத்தையும் மதிப்பெண்ணையும் அச்சடித்து, “அடுத்த ஆண்டுச் சேர்க்கை நடைபெறுகிறது” என்று கல்வியைக் கடைச்சரக்காக்கி விற்போர். அவர்களுக்கு விடை கூறியாக வேண்டும். வசையால் அன்று, வரலாற்றால் கூறுவோம்.

தோழர்களே! அரசுப் பள்ளியில் என்ன இருக்கிறது என்பதை ரியோ நகரம் அறியும். 2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அந்நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார் மாரியப்பன் தங்கவேலு. ஊர், சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி. தாய், காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்து வயதில், பள்ளிக்குச் செல்லும் வழியில், பேருந்து மோதி வலது கால் சிதைந்தது. அந்தக் காலோடு அவர் படித்தது அரசுப் பள்ளியில்.

கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அச்சிறுவனை, “உயரம் தாண்டிப் பார்” என்று திருப்பிவிட்டவர் யார்? வெளிநாட்டுப் பயிற்சியாளரா? பெரும்பணம் பெறும் விளையாட்டு வல்லுநரா? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்! பதினான்காம் வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றான் அச்சிறுவன். பின்னர் ரியோவில் தங்கம். 2021இல் டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். பரிசுப் பணம் வந்தபோது, அதிலிருந்து 30 இலட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு அளிப்பதாக அறிவித்தார். காய்கறிக் கூடை சுமந்த தாயின் மகனுக்குத் தெரிந்த நன்றி, பலகை நிறுத்துவோர்க்குத் தெரியவில்லையே!

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மாரியப்பனுக்குப் பள்ளி கொடுத்தவை எவை? ஒரு திடல், ஓர் ஆசிரியர், வாரத்தில் சில மணி நேரம். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் பெயரை உலகம் கேட்டிராது. அந்த மூன்றும் இன்று நம் பள்ளிகளில் பத்திரமாக இருக்கின்றனவா? இதுதான் நம் கேள்வி.

அந்தத் திடல் எவருடைய கொடை? வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

இன்று சேலம் அரசு கலைக் கல்லூரியாக விளங்கும் நிலையம், 1857இல் பள்ளியாகத் தோன்றியது. அந்நாளைய சேலம் மாவட்டமோ, இன்றைய தருமபுரியையும் கிருட்டிணகிரியையும் நாமக்கல்லையும் உள்ளடக்கிப் பரந்து கிடந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் உயர்நிலைக் கல்வியின் வாயிலை மிதித்தவர் எத்தனை பேர்? தறிக்குழியில் கால் வைத்தவன் வீட்டுப் பிள்ளையா? ஏர் பிடித்தவன் மகனா? செருப்புத் தைத்தவன் மகளா? அவர்கள் நுழைவதற்கு நூறாண்டு பிடித்தது.

நுழைந்தபோதும் தடுத்தார்கள். 1953இல் முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம் என்றார். எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்றார். சேலத்துக்குப் புதியவரா அவர்? அங்கே வழக்குரைஞராக இருந்தவர். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக வீற்றிருந்தவர். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறியோசை கேட்டவர். கேட்டும் என்ன? தறிக்காரன் மகன் மீண்டும் தறிக்கே போகட்டும் என்பதுதானே அத்திட்டத்தின் முடிவு! குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது, கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது குப்பைக்குப் போயிற்று.

அதன்பின் நடந்தது என்ன? 1956இல் மதிய உணவு வந்தது. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், பலகையும் நாற்காலியும் கொடுத்தார்கள். மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லாத சிற்றூர்கள், தம் பிள்ளைகள் ஓடியாட மண்ணைக் கொடுத்தன. பள்ளித் திடல் என்பது எவருடைய பிச்சையும் அன்று; ஏழை ஊர் தன் பிள்ளைக்கு எழுதி வைத்த சொத்து!

அந்தச் சொத்துக்கு வந்த பகையைத்தான் இப்போது பார்க்கிறோம்.

1997 சனவரி முதல் நாள், சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற அம்மண்ணுக்கு, மற்றொரு பெயரும் வந்து சேர்ந்தது: உறைவிடப் பள்ளிகளின் ஊர். மாநிலத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். விடியுமுன் எழுப்பு, படி, எழுது, உண், மீண்டும் எழுது, நள்ளிரவில் படு! கோழிப்பண்ணையைக் கண்டறிந்த மக்கள், இவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். கூண்டுக்குள் தீனி, கூண்டுக்குள் எடை, எடைக்கேற்ற விலை! பறக்கத் தெரியுமா என்று அந்தக் கோழியை எவர் கேட்டார்?

நாமக்கல் மக்கள்மீது நமக்கு வருத்தம் இல்லை. லாரி ஓட்டியும், ஆழ்துளைக் கிணறு தோண்டப் பிற மாநிலங்களில் அலைந்தும் சேர்த்த பணத்தை, “என் பிள்ளையாவது படிக்கட்டும்” என்று கட்டும் தகப்பனை எப்படிக் குறை கூறுவோம்? அவனுடைய ஏக்கத்தை முதலாக்கி வட்டி பறிப்போரைத்தான் குறை கூறுகிறோம்.

அவர்கள் செய்த பெருங்கொடுமை எது தெரியுமா? பதினொன்றாம் வகுப்பை விழுங்கியது! பதினொன்றுக்குரிய பாடத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்தனர். பாடத்தையே விழுங்கியவர்கள், பாட்டையும் பந்தையும் விட்டுவைப்பார்களா? இதனால்தான் 2017இல் முதல் மூன்று இடம் அறிவிக்கும் முறை ஒழிக்கப்பட்டது. 2017–18 கல்வியாண்டில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. நீக்கியது நன்றே, பிள்ளைகளின் தலைச்சுமை குறைந்தது. ஆனால் விடுவிக்கப்பட்ட அந்த ஓராண்டு எவர் கைக்குப் போகிறது? திடலுக்கா, மறுபடியும் கூண்டுக்கா? விழித்திருக்க வேண்டிய காலம் இது!

எதிர்த்தரப்பார் ஒன்று கூறுவர். “ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண்தானே ஏணி? விளையாட்டும் நாடகமும் பேச்சும் வயிறு நிறைந்தவர்க்கு அல்லவா?” என்பர். இரக்கம் சொட்டும் வாதம்! உள்ளே இருப்பதோ நஞ்சு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் டென்னிஸ் உண்டு, நீச்சல் உண்டு, இசை ஆசிரியர் வீடு தேடி வருவார். தறிக்காரர் மகளுக்கு யார் வருவார்? சவ்வரிசி ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு எந்த மன்றம் கதவு திறக்கும்? அவர்களுக்குப் பள்ளியே திடல், பள்ளியே மேடை, பள்ளியே நூலகம். பள்ளி கொடுக்கவில்லை என்றால் பாரில் எவரும் கொடுக்கப் போவதில்லை. விளையாட்டு வீரர்க்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதே, அந்த இடத்தில் ஏழையின் மகன் அமர வேண்டாமா? திடலை மூடிவிட்டு ஒதுக்கீட்டை வைத்திருந்தால் அது எவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்?

மேடையும் அத்தகையதே. பள்ளி இலக்கிய மன்றத்தில் நா உலர, கால் நடுங்க, மூன்று நிமிடம் பேசிப் பழகிய சிறுவன்தான், நாளை கூலி குறைந்தால் ஆலை வாயிலில் நின்று கேட்பான். குடிநீர் வராவிட்டால் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்பான். கேட்கத் தெரியாத மக்களை ஆள்வது எளிது. அதனால்தான் மன்றத்தை ‘கூடுதல்’ என்றும், மனப்பாடத்தைக் ‘கல்வி’ என்றும் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்!

இனி, நம் வீட்டையும் பார்ப்போம். தனியாரைச் சாடிவிட்டுத் தூங்கப் போவது நேர்மையாகாது. அரசுப் பள்ளியிலேயே, பத்தாம் வகுப்பு என்றதும் உடற்கல்விப் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறிவிடுகிறதே, ஏன்? தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டித் தலைமையாசிரியரை மிரட்டும் ஆய்வுக் கூட்டங்கள், திடலில் எத்தனை பிள்ளைகள் ஓடினர் என்று ஒருநாளும் கேட்பதில்லையே, ஏன்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள்! ஊதியம் பின்னர்ச் சிறுகச் சிறுக உயர்ந்தது. ஆயினும் பத்தாண்டு கடந்தும் அவர்கள் நிரந்தரப் பணி கேட்டுத் தெருவில் நின்றனர். 1953இல் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி என்றபோது வெகுண்டெழுந்த நாடு இது. பிள்ளையின் விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் அரைநாள் ஆசிரியர் என்றபோது வாளாவிருந்தது எப்படி?

வாய்ப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் வாரிக் குவிப்பார்கள் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பட்டு, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நிகழ்ந்து, கலையரசன், கலையரசி என்ற விருதுகள் வழங்கப்பட்டன. பறையும் பம்பையும் பள்ளி மேடையேறின. வரவேற்கிறோம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா போதாது. வாரந்தோறும் பாடவேளை வேண்டும். தேர் ஓடுவது ஒருநாள். தெரு இருக்க வேண்டியது ஆண்டு முழுதும்!

தோழர்களே! படித்து முடித்துத் தாளை மடித்து வைக்க எழுதப்பட்டதன்று இது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையர். உங்களில் பெற்றோராக இருப்போர் அதில் இடம்பெறுங்கள். பாடவேளை அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். உடற்கல்விக்குரிய நேரம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உண்மையில் கிடைக்கிறதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வருவாய்ப் பதிவேட்டில் திடலின் பரப்பு எவ்வளவு, இன்று மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் எவர் வேலி உள்ளே வந்தது என்று கேளுங்கள். அவர் நமக்கு வேண்டியவராக இருந்தாலும் கேளுங்கள். நம் கூட்டத்துக்குக் கொட்டகை போட அந்தத் திடலில் குழி தோண்டாதீர்கள்; தோண்டினால் மறுநாள் விடியுமுன் மூடிக் கொடுங்கள்.

ஓமலூரிலும் இராசிபுரத்திலும், சங்ககிரியிலும் பரமத்தியிலும், மாலை நாலரை மணிக்குப் பள்ளித் திடலில் புழுதி பறக்கட்டும். “அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்போரின் பலகையிலும் அந்தப் புழுதி கொஞ்சம் படியட்டும்!