பம்பை மட்டும் மாற்றினால் போதும்
ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றதும், ‘பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்று சொல்பவரின் பேச்சை உடனே ஏற்காதீர்கள். பழுது பெரும்பாலும் அடியில் இருக்கும் டிரெயின் பம்பில்தான். உள்ளங்கையில் அடங்கும் மோட்டார் அது. ஏறக்குறைய ஒரு டியூப்லைட் எடுக்கும் மின்சாரமே எடுக்கும். அதையும் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்மூலை மூடியைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள். சட்டைப்பையில் மறந்த சில்லறை, ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ், எது வேண்டுமானாலும் சிக்கியிருக்கலாம். உள்ளே தெரியும் சின்ன விசிறியை விரலால் சுற்றினால் விட்டுவிட்டு நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அது இயல்பு. பழுது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அடைப்பே இல்லாமல் வெறும் ரீங்காரம் மட்டும் கேட்டால் பம்பை மாற்றலாம். சில ஸ்க்ரூ, ஹோஸ் கிளிப்புகள், ஒரு வயர் இணைப்பு, வேலை அவ்வளவுதான். கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் மாற்றுவதற்குப் புதிய பம்ப் கிடைக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை பம்ப் உள்ளிட்ட முக்கிய உதிரிபாகங்களைத் தயாரிப்பாளர்கள் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குத் தந்தாக வேண்டும் என்பது சட்டம். இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது, நல்ல தொடக்கம்தான். ஆனால் எனக்கு அது போதாது. உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், என்ன விலை என்பதை மெஷின் விற்கும்போதே பில்லோடு எழுதித் தரவேண்டும்.