மழை, குளிர், பஜ்ஜி: மார்கழியில் எடை கூடுவதற்கு உண்மையில் யார் காரணம்?

டிசம்பர் மாதம், மாலை 5 மணி. வெளியே தூறல். அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக ஒரு டீயோடு திரும்பிவிடும் ஆட்கள்கூட அன்றைக்கு ரெண்டு பஜ்ஜி, கூடவே ஒரு மிளகாய் பஜ்ஜி என்று நின்றுவிடுகிறார்கள். "குளிர்ல பசி ஜாஸ்தி சார், உடம்பு கேக்குது" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். பொங்கல் முடிந்து எடைக் கருவியில் ஏறும்போதும் பழி குளிரின் மேல்தான் விழுகிறது.

உடம்பு உண்மையிலேயே கேட்கிறதா?

குளிரில் உடல் கூடுதல் எரிபொருள் செலவழிக்கும் என்பது உண்மைதான். உள் வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கிறது. பற்கள் கிட்டிப்போகும் அளவுக்கு நடுங்கும்போது, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். ஆனால், கேள்வி வேறு: நம்ம ஊர் குளிர் அந்த அளவுக்குக் குளிரா?

சென்னையில் ஜனவரி மாதக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 21 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதுவும் விடியற்காலையில். பகலில் 28, 29-ஐத் தொட்டுவிடும். பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு அதிகாலையில் 16 டிகிரி வரை இறங்கலாம். உடையே இல்லாத மனித உடல் கூடுதல் முயற்சி எதுவும் இல்லாமல் சமாளிக்கும் வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி. ஒரு சட்டை, ஒரு போர்வை, மூடிய ஜன்னல், நிறுத்திய ஃபேன் இருந்தால் 21 டிகிரியிலும் உடலுக்குப் பெரிய வேலை இல்லை. உறைபனி விழும் உதகை தலைகுந்தாவில் விடியற்காலையில் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறவரின் கணக்கு வேறு. போர்வைக்குள் இருந்தபடி லேப்டாப்பைத் திறக்கும் ஐ.டி. ஊழியரின் கணக்கு வேறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் அறை ஏசி-க்களின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பல அலுவலகங்களில் அதைவிடவும் குறைத்துத்தான் வைக்கிறார்கள். சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மார்கழி மட்டும் எப்படித் தனிக் குளிர் ஆகும்?

அப்படியானால் பசி பொய்யா?

பொய் இல்லை. குளிர்ச்சி பசியைத் தூண்டும் என்பதற்கு ஆய்வகச் சான்றே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 11 ஆண்களைத் தண்ணீருக்குள் 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் 20 டிகிரி தண்ணீர், இன்னொரு நாள் 33 டிகிரி தண்ணீர். செலவான ஆற்றல் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான், 500 கலோரியை ஒட்டி. ஆனால், வெளியே வந்ததும் வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த நாளில் 877 கலோரி சாப்பிட்டார்கள். மற்ற நாளில் 608. எரித்தது ஒன்றுதான், தின்றது மட்டும் 44 சதவீதம் அதிகம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பசி கூடியது என்பதால் உடலின் தேவையும் அதே அளவு கூடியது என்று அர்த்தம் இல்லை. ஆய்வு சிறியது, தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் பசியும் தேவையும் தனித்தனிப் பாதையில் போக முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

டீக்கடைக்கே திரும்புவோம். 60 டிகிரி சூட்டில் 150 மில்லி டீ குடித்தால், அது உடல் வெப்பநிலைக்கு இறங்கும்வரை நமக்குத் தரும் சூடு எவ்வளவு? நாம் உணவுக்குச் சொல்லும் அதே கலோரிக் கணக்கில் சுமார் மூன்றரை. அவ்வளவுதான். அந்த டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை இருந்தால் அது மட்டுமே 40 கலோரி. பால் தனி. பஜ்ஜி குடித்த எண்ணெய்க்குக் கிராமுக்கு 9 கலோரி. நாக்குக்கும் தொண்டைக்கும் கிடைக்கும் இதம் நிஜம், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு "உடம்பு சூடாகணும்ல" என்ற நியாயம் செல்லாது. சூடுதான் வேண்டும் என்றால் ரசமோ சர்க்கரை குறைத்த சுக்கு மல்லி காபியோ அதே வேலையைச் செய்துவிடும்.

குளிர் கொழுப்பைக் கரைக்குமா?

ரீல்ஸில் ஐஸ் தொட்டிக்குள் இறங்குபவர்கள் சொல்வது இதைத்தான். பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. ஆற்றலைச் சேமிக்காமல் எரித்துச் சூடாக்கும் கொழுப்பு அது. பெரியவர்கள் உடலிலும் அது வேலை செய்கிறது என்பதை 2009-ல் ஒரே மருத்துவ இதழில் வந்த மூன்று ஆய்வுகள் உறுதிசெய்தன. ஜப்பானில் 2013-ல் வெளியான ஆய்வில் தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி அறையில், 6 வாரம் இருந்தவர்களுக்கு உடல் கொழுப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் மெல்லிய உடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்: லேசாகக் குளிர்ந்தாலே போர்த்திக்கொண்டு, கையில் ஒரு முறுக்கு டப்பா.

அரைக் கிலோதானே, என்ன இப்போ?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 593 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. இலையுதிர் காலத்தில் அவர்கள் சாப்பிட்டது வசந்த காலத்தைவிட ஒரு நாளைக்கு வெறும் 86 கலோரி அதிகம். எடை ஏற்ற இறக்கமும் சுமார் அரைக் கிலோ. அங்கே குளிர்காலம் என்றால் பனிப்பொழிவு. அங்கேயே இவ்வளவுதான்.

சிக்கல் அந்த அரைக் கிலோவில் இல்லை, அது போகாமல் தங்குவதில் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 195 பேரைத் தொடர்ந்து எடை பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இலையுதிர் காலத் தொடக்கத்திலிருந்து குளிர்கால முடிவு வரை சராசரியாக 0.48 கிலோ கூடியது. அதில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பண்டிகை வாரங்களில். அடுத்த கோடையிலும் அது இறங்கவில்லை. வருஷத்துக்கு அரைக் கிலோ என்றால் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 45 வயதில் 10 கிலோ.

காரணம் குளிரா, பண்டிகையா? 2016-ல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் நாடுகளில் சுமார் 3,000 பேரின் எடையைப் பார்த்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி மூன்று நாடுகளிலும் எடை ஏறியது. ஆனால், ஜப்பானியர்களுக்கு ஏப்ரல் கடைசியில் வரும் நீண்ட விடுமுறையிலும் ஏறியது. அப்போது அங்கே இதமான வசந்தம். நமக்கோ தீபாவளியில் தொடங்கி கார்த்திகைப் பொரி, மார்கழிப் பொங்கல், சபா கேன்டீன், கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு பிரியாணி, தைப் பொங்கல் என்று வரிசை நீளம்.

கூடவே வடகிழக்குப் பருவமழை. "இன்னைக்கு மழை, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நிறுத்திய வாக்கிங் ஜனவரிவரை திரும்பாது. சாப்பாட்டைவிட இதுவே பெரிய ஓட்டை என்று தோன்றுகிறது. 195 பேர் ஆய்விலும் எடையோடு தொடர்பு தெரிந்தவை இரண்டே விஷயங்கள்: பசி, உடல் உழைப்பு. எத்தனை விருந்துக்குப் போனார்கள் என்பது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, பஜ்ஜியை விடுவதைவிட நடையை விடாமல் இருப்பது முக்கியம். மழை நாளில் அலுவலக மாடிப்படியில் 15 நிமிடம் ஏறி இறங்கினாலும் கணக்கில் சேரும்.

இந்தியர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கறாரான விஷயம். உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே நமக்கு அதிக எடை. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குளிர்கால மாதங்களில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு சற்று ஏறுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே மார்கழியில் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

இன்னும் ஒன்று. அலுவலகத்தில் மற்ற எல்லோரும் சாதாரணமாக இருக்க, ஒருவருக்கு மட்டும் குளிர் தாங்க முடியவில்லை, பெரிதாகச் சாப்பிடாமலே எடை ஏறுகிறது, சோர்வும் மலச்சிக்கலும் கூடவே இருக்கின்றன என்றால் வானிலையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இப்படித்தான் இருக்கும். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.