வாக்கு எந்த ஊரில்?

வெள்ளவத்தை புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை சாப்பாட்டுக் கடைகளிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பலருடைய பெயர் இன்னும் தோட்டத்து வாக்காளர் இடாப்பில்தான் இருக்கிறது. தேர்தல் நாளன்று பிள்ளை கடையில் நிற்கிறது. வாக்கு ஊரில் கிடக்கிறது.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் கொழும்பைப் பார்க்கட்டும். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 48ஐப் பெற்றது. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16இல் மேயர் தெரிவு 61க்கு 54 என்று முடிந்தது. ஒவ்வோர் ஆசனத்துக்கும் அங்கே விலை இருந்தது.

ஊரிலும் அப்படித்தான். பிரதேச சபை நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிட இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. பாதை கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஆனால் வாக்குப் போடாதவர் கேட்டால் யார் காது கொடுப்பார்?

பெற்றோரே, பிள்ளைகளோடு பேசி முடிவெடுங்கள். கொழும்பிலேயே நிரந்தரமாகத் தங்கினால் அங்குள்ள கிராம சேவகரிடம் பதியட்டும். பெயர் ஊரில்தான் என்றால் முன்கூட்டியே லீவு கேட்கட்டும். வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது முதலாளியின் தயவல்ல, சட்டம். மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

1948இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எல்லோருக்கும் குடியுரிமை என்ற சட்டம் வர 2003 வரை காத்திருந்தோம். அந்த வாக்கை ஒரு நாள் கடை வேலைக்காக விட்டுவிடலாமா?