பள்ளங்கியில் வீட்டு டிஷ் ஆன்டெனா பொருத்தும் பணிக்குத் தரம் வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பள்ளங்கி, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர், கொடைக்கானல், வட்டாட்சியர், கொடைக்கானல், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் உரிய பொறியாளர், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதுடெல்லி.

பொருள்: வீடுகளில் டி.டி.எச். டிஷ் பொருத்தும் வேலைக்குக் குறைந்தபட்சத் தரமும், பொறுப்பேற்கும் கையொப்பமும் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.



பள்ளங்கியிலும் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளிலும் வளைவுக்கு ஒரு வீடு, சரிவுக்கு இரண்டு வீடு என்றுதான் குடியிருப்பு. இங்கே கேபிள் இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்தை நம்பிச் சாதாரண ஆன்டெனாவில் படம் பார்த்த காலமும் முடிந்துவிட்டது. தரைவழி அனலாக் ஒளிபரப்பையே தூர்தர்ஷன் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் பெட்டி வந்த வீடுகளும், பிறகு கடனுக்கு வாங்கிய வீடுகளும் இன்று டிஷ்ஷை நம்பித்தான் இருக்கின்றன. செய்தி, புயல் எச்சரிக்கை, பிள்ளைகளுக்கான கல்வி அலைவரிசைகள் எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன.

அலைவரிசைகளைப் பற்றியோ மாதக் கட்டணத்தைப் பற்றியோ இந்த மனுவில் குறை ஏதும் இல்லை. புது இணைப்பு எடுக்கும் நாளில் எங்கள் கூரையில் நடக்கும் அரைமணி நேர வேலையைப் பற்றியதே இது.

மழை வந்தால் படம் உறைகிறது. மூடுபனி இறங்கினால் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. தொலைபேசியில் புகார் சொன்னால் "மலைப்பகுதி சார், மேகமூட்டம்" என்பதே பதில். கனத்த மழையில் இந்த அலைகள் வலுவிழக்கும் என்பது உண்மை. டி.டி.எச். ஒளிபரப்பு வரும் கே.யூ. அலைப்பட்டைக்கு அது இயல்பு. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மூடுபனி மட்டும் இந்த அலைகளைத் தடுத்துவிடாது. அதனால் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. பனிநாளில் படம் போகிறதென்றால் எங்கோ ஒரு மூட்டில் ஈரம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழி பனிமேல் விழுகிறது. பிழை பெரும்பாலும் கனெக்டரில் இருக்கிறது.

எங்கள் சங்கத்தில் டிஷ் பொருத்தும் தொழில் தெரிந்த இளைஞர்களும் உண்டு. அவர்களை உடன் வைத்துக்கொண்டு கூரைகளைப் பார்த்தபோது கண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். டிஷ்ஷின் முன்னால் அலைகளை வாங்கும் எல்.என்.பி.யில் மாட்டும் கனெக்டர் பல இடங்களில் கையால் திருகி ஏற்றும் வகை. அழுத்துக் கருவியால் இறுக்கும் வகையைப் போட்டு, மேலே ரப்பர் உறை மாட்ட வேண்டும். அதற்குப் பதில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள், அதுவும் ஒரு கோடையில் உரிந்துவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே தொங்கும் ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த வளைவை எங்கும் காணோம். தண்ணீர் கேபிளின் மேலோட்டைப் பிடித்துக்கொண்டு நேரே துளைக்குள், அங்கிருந்து செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. அந்தக் கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் மேலே போய்க்கொண்டிருப்பதால், ஈரம் பட்ட கம்பி சீக்கிரமே பச்சை பூத்து அரித்துப்போகிறது.

அடுத்தது டிஷ்ஷைத் தாங்கும் கால். நான்கு போல்ட்டுக்குத் துளையுள்ள அடித்தகட்டில் இரண்டு போல்ட்; அவையும் மண்சாந்துச் சுவரில், ராவல் பிளக் இல்லாமல். சில வீடுகளில் தகரக் கூரையைத் துளைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் துளை வழியே ஒழுகி உத்தரம் உளுத்ததற்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர் அரிது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மொத்தமே ஏறத்தாழ மூன்று டிகிரி அகலம். 36,000 கி.மீ. தொலைவில் நிற்கும் செயற்கைக்கோளை அந்த இடுக்கு வழியாகத்தான் பிடிக்க வேண்டும். கால் ஒரு டிகிரி சாய்ந்தாலும் வெயில் நாளில் படம் தெரியும். ஆனால் மழைக்கென்று கையிருப்பாக இருக்க வேண்டிய வலு குறைந்துவிடும். பொருத்தியவர் வெயிலில் படம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். தூறல் விழுந்தபிறகுதான் வேலையின் லட்சணம் தெரிகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலைவரை வந்து மரங்களைச் சாய்த்ததைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய காற்றில் சரியாகப் பிடிக்காத டிஷ் பறக்கும் தகடாகிவிடும். நிறுவனம் மாறும்போது பழைய டிஷ்ஷைக் கழற்றாமல் துருப்பிடிக்க விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதியதை நிறுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. குரங்குகள் தொங்கி ஆடுவதற்கு வேண்டுமானால் அது வசதி.

உயிர் தொடர்பானவை இரண்டு. ஒன்று, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி. வீட்டுக்கூரைக்கு மேலே செல்லும் தாழ்வழுத்த மின்கம்பிக்குச் செங்குத்தாக 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது மின்பாதுகாப்பு விதி. அந்தக் கம்பிக்குக் கையெட்டும் தூரத்தில் இரும்புக்குழாயை நிமிர்த்துகிறார்கள். டிஷ் கேபிளை அதே சர்வீஸ் கம்பியோடு சேர்த்துக் கட்டியும் விடுகிறார்கள். மற்றொன்று இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இம்மலையில் இடிமின்னல் சாதாரணம். உச்சிக்கூரையில் நிற்கும் இரும்புக்குழாய்க்கு எர்த் கொடுக்காமல், அதிலிருந்து ஒரு கம்பியை நேரே வரவேற்பறைக்குள் கொண்டுவந்து விடுகிறோம். நேரடி இடியை எந்த எர்த்தும் முழுமையாகத் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அருகில் விழும் மின்னலின் தாக்கத்தையாவது வீட்டுக்குள் வராமல் தரைக்கு அனுப்பலாம்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். ஆன்டெனா பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம், கூரை விளிம்பிலிருந்து 2 மீட்டருக்கும் அதிகமாகக் கீழேயும், சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குள்ளும் இருக்கும் ஆன்டெனாவுக்குத் தனி எர்த் தேவையில்லை என்கிறது. அப்படிச் சுவரில் பொருத்த முடியுமா? எங்கள் ஊரில் பெரும்பாலும் முடியும். டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. கொடைக்கானல் மலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, தொடுவானிலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு நிமிர்ந்த பார்வைக்கு உச்சிக்கூரை தேவையே இல்லை. டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம்கூட நான்கு மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். சரிவில் கட்டிய வீடுகளில் பள்ளப்பக்கச் சுவர் உயரமானது. அது கிழக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால் அதுவே தகுந்த இடம். காற்று குறைவு, கூரை ஒழுகாது, பழுது பார்க்க ஏணி போதும், ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின்மேல் கால் வைத்து எவரும் விழ வேண்டியதில்லை. வேறு செயற்கைக்கோளைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குத் திசையும் உயரமும் மாறும். அவற்றிலும் பல இங்கிருந்து 50 டிகிரிக்கு மேலேதான் இருக்கின்றன. கூரையைத் தவிர வேறிடம் இல்லாத வீட்டில் மட்டும், 16 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக்கம்பியால் எர்த் கொடுக்கட்டும்.

வேலையாட்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, கொடைக்கானலிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ கருவிப்பையுடன் மலையேறி வந்து, பாதுகாப்பு பெல்ட்கூட இல்லாமல் ஈரக்கூரையில் ஏறும் பிள்ளைகள் அவர்கள். அடுத்த வீட்டுக்கு ஓடினால்தான் அன்றைய கூலி தேறும். இப்படி அவசரப்படுத்தும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

ஒரு வீட்டில் ஒரு ஸ்விட்ச் பாயின்ட் வைக்கக்கூட மின் உரிம வாரியத்தின் சான்று பெற்றவர் வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இரும்புக்குழாய் நடுபவருக்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை. கேபிள் டிவிக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. டி.டி.எச். நிறுவனத்துக்கு உரிமம் தருவது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டுச் சேவைத்தர விதிகள் இணைப்புக் கட்டணத்துக்கு 350 ரூபாய் உச்சவரம்பு வைத்தன. 2024 ஜூலைத் திருத்தம் அதை நீக்கி, கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்து அறிவிக்கலாம் என்றது. கட்டணத்தைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க, போல்ட் எத்தனை, எர்த் எங்கே என்று எங்கள் கூரைக்கு வந்து கேட்க எவரும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாட்டுக்கு வழக்காடலாம்தான். கேரட் அறுவடையை விட்டுவிட்டுத் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்கு எந்தத் தாளை எடுத்துச் செல்வது?

ஆகவே முதன்மையாக நாங்கள் கேட்பது அந்தத் தாளைத்தான். ஒவ்வொரு புது இணைப்புக்கும் பணிநிறைவு அட்டை ஒன்று தமிழில் தரப்பட வேண்டும். டிஷ் எங்கே பொருத்தப்பட்டது, எத்தனை போல்ட், எந்த வகைக் கேபிளும் கனெக்டரும், எர்த் உண்டா, மின்கம்பிக்கு இடைவெளி எவ்வளவு, முடித்த நேரத்தில் செட்டாப் பாக்ஸ் திரையில் காட்டிய சிக்னல் வலுவும் தரமும் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். பொருத்தியவர் பெயரும் கையொப்பமும், முகவரின் முத்திரையும் வேண்டும். தரம் என்ற எண்ணையும் குறிப்பது முக்கியம். பலர் வலுவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இந்த அட்டை கையில் இருந்தால், ஆறு மாதம் கழித்துக் குறை வந்தாலும் மழையா பிழையா என்று எண்ணை வைத்தே தெரிந்துவிடும்.

பொருத்திய ஓராண்டுக்குள் கால் சாய்ந்தாலோ மூட்டில் நீர் இறங்கினாலோ வருகைக் கட்டணமின்றிச் சரிசெய்ய நிறுவனங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய டிஷ்ஷையும் வெட்டிய கேபிள் துண்டுகளையும் புதியதைப் பொருத்துபவரே இறக்கி எடுத்துச் செல்ல வேண்டும்.

மின் பகிர்மானக் கழக ஊழியர்கள் கணக்கெடுக்க வரும்போது, சர்வீஸ் கம்பிக்கு ஆபத்தான நெருக்கத்தில் உள்ள டிஷ்களைக் குறித்து வீட்டாருக்கு அறிவிக்கக் கோருகிறோம். அபராதம் வேண்டாம், அறிவித்தால் போதும், நாங்களே மாற்றிக்கொள்வோம்.

பயிற்சி குறித்தும் ஒரு வேண்டுகோள். டி.டி.எச். செட்டாப் பாக்ஸ் நிறுவும் தொழிலுக்கென்று தேசியத் திறன் தகுதி வரையறையே இருக்கிறது. அதை மின்னணுத் துறைத் திறன் குழுமம் வகுத்தது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியே அந்தப் பயிற்சியை, உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்பையும் சேர்த்து, கொடைக்கானலிலேயே நடத்த வேண்டும். பள்ளங்கி, வில்பட்டி இளைஞர்கள் கற்க ஆயத்தமாக இருக்கிறார்கள். அறுவடை இல்லாத மாதங்களுக்கு ஒரு வருமானமும் ஆகும்.

டி.டி.எச். உரிமம் தங்கள் அதிகார எல்லைக்குள் வராது என்பதை அறிந்தே எழுதுகிறோம். ஆயினும் நிறுவனங்களின் மாவட்ட முகவர்களையும், மின் பகிர்மானக் கழகத்தையும், எங்கள் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் அமர்த்தத் தங்களால் முடியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அப்படியொரு கூட்டம் கூட்டி, பணிநிறைவு அட்டையின் படிவத்தை அங்கேயே முடிவு செய்து தருமாறும், விதித்திருத்தம் தேவைப்படும் பகுதிகளைத் தங்கள் பரிந்துரையுடன் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பிவைக்குமாறும் பணிந்து வேண்டுகிறோம். படிவத்துக்கு எங்கள் இளைஞர்கள் எழுதிய மாதிரி வரைவும், கூரைகளில் எடுத்த புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளங்கி.