சோற்றோடு சேர்த்து விற்கப்படும் இருக்கை

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முன்றலில் நின்றுகொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் மத்ரஸாவில் என்னிடம் ஓதிய ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். வளைகுடா நாடொன்றில் தொழில் பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருக்கிறார். முகம் வாடியிருந்தது.

"ஹஸரத், உங்களிட்ட ஒரு மஸ்அலா கேக்க வேணும். கேட்டா நீங்க சிரிப்பீங்களோ தெரியா."

"சிரிக்கிற மஸ்அலா எண்டு ஒண்டும் இல்ல மகன். கேளுங்க" என்றேன்.

அவர் சொன்ன விடயம் இதுதான். அவரும் அவருடைய தம்பியும் ஒரே நாட்டில் வேலை செய்கிறார்கள். ஆண்டுகள் பல கழித்து உம்மாவை விசிட் வீசாவில் அழைத்திருந்தார்கள். உம்மா நாடு திரும்பும் வாரத்தில் எல்லோரும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக முடிவானது. அங்கே இரவில் தண்ணீரும் வெளிச்சமும் நெருப்பும் கலந்த ஒரு பெரிய காட்சி திறந்தவெளியில் நடக்கும். வாசல் டிக்கட் எடுத்த எவரும் அதைப் பார்க்கலாம்; தனிக் கட்டணம் இல்லை. ஆனால் நல்ல இடம் கிடைக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்து நிற்க வேண்டும். உம்மாவுக்கோ முழங்கால் நோவு.

சாப்பாடும் முன்பகுதி இருக்கையும் சேர்ந்த பெக்கேஜ் ஒன்று இருந்தது. ஆளுக்கு 160 திர்ஹம். அதே உணவகத்தில் அதே சாப்பாடு மட்டும் என்றால் 110 திர்ஹம். தம்பிக்குக் கோல் எடுத்துக் கேட்டார். "எடுங்க காக்கா, பாதி என்ட கணக்கு" என்றார் தம்பி. இரு சகோதரர்கள், மூத்தவரின் மனைவி, இரண்டு பிள்ளைகள், உம்மா என்று ஆறு பேர். மொத்தம் 960 திர்ஹம். மூத்தவர் தன் கார்டில் கட்டினார்.

பின்னேரம் ஐந்து மணிக்கே சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டு, மஃரிபும் தொழுது, கையில் சீட்டோடு அரங்கில் போய் அமர்ந்தார்கள். காற்று பலமாக வீசத் தொடங்கியது. பாதுகாப்புக் கருதி இன்றைய காட்சி இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்து விட்டார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு மரியாதையாகவே பதில் வந்தது: "நீங்கள் பணம் தந்தது சாப்பாட்டுக்கு. சாப்பிட்டு விட்டீர்கள். இருக்கை நாங்கள் இலவசமாகத் தந்தது." சீட்டின் பின்பக்கத்தில் அப்படித்தான் சிறிய எழுத்தில் அச்சிட்டும் இருந்ததாம்.

அடுத்த நாள் தம்பி 330 திர்ஹம் மட்டும் கொடுத்தார். "சாப்பாட்டில பாதி இது. நடக்காத காட்சிக்கு நான் ஏன் காசு தர வேணும்?" என்று கேட்டார். மூத்தவர் ஏதோ சொல்ல, இளையவர் ஏதோ சொல்ல, நான்கு மாதமாகப் பேச்சில்லை. 150 திர்ஹம்! நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டாயிரம் ரூபா அளவில் வரும். அதற்காக ஒரு வயிற்றில் பிறந்த இருவர் முகம் பார்ப்பதில்லை.

"ஹஸரத், அந்த 150 அவன்ட மேல கடனா, இல்லையா?"

நான் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ஒரே பேரத்தில் பல பொருள்களைச் சேர்த்து விற்பது பற்றிய பாடத்தை நான் வருடா வருடம் நடத்தி வருகிறேன். வினாகிரியையும் மதுவையும் சேர்த்து விற்றால் என்ன சட்டம் என்ற உதாரணத்தோடு தொடங்கும் பாடம் அது. இவரும் என் முன்னால் இருந்து அதை ஓதியவர்தான். ஆனால் ஒரு பூங்காவின் சாப்பாட்டுச் சீட்டில் அந்தப் பாடம் வந்து நிற்கும் என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் இந்த வியாபாரம் என்னவென்று விளங்கிக் கொள்வோம். இது ஓர் ஊரின் புதினமல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாண்டில் 1992ஆம் ஆண்டு ஃபேன்டாஸ்மிக் என்ற இரவுக் காட்சி தொடங்கியது. 1998இல் அதே பெயரில் புளோரிடாவிலும் தொடங்கினார்கள். அங்குள்ள அரங்கில் ஏறத்தாழ 7,000 பேர் அமரலாம். அப்படியிருந்தும் கூட்டம் முந்தியடிக்கும். எனவே பூங்காவுக்குள் குறிப்பிட்ட சில உணவகங்களில் முன்கூட்டியே பதிந்து சாப்பிடுபவர்களுக்கு, அரங்கின் ஒரு பகுதியில் இடம் ஒதுக்கிச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டிலும் நாற்காலி எண் இராது. பகுதி மட்டுமே ஒதுக்கம். அதற்குள் முந்தி வருபவருக்கு முந்திய இடம்.

திறந்தவெளிக் காட்சிக்கு மழையும் காற்றும் எப்போதும் எதிரி. நெருப்பும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 22ஆம் திகதி கலிபோர்னியாவில் அந்தக் காட்சி நடந்து கொண்டிருந்தபோது, மேடையில் நின்ற பெரிய டிராகன் உருவம் தீப்பற்றி எரிந்தது. அதன் பின் ஓராண்டுக்கும் மேலாக, 2024 மே மாதம் வரை, அங்கே அந்தக் காட்சி நடைபெறவில்லை.

நமது மக்கள் அதிகம் போகும் டுபாயிலும் இதே முறை உண்டு. 2023ஆம் ஆண்டின் கடைசி இரவில், புர்ஜ் கலீபா வாணவேடிக்கையைப் பக்கத்துப் பூங்காவில் இருந்து பார்க்க முதன்முறையாகக் கட்டணம் வைத்தார்கள். 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 300 திர்ஹம், சிறுவருக்கு 150 திர்ஹம். உணவும் பானமும் அதற்குள் அடக்கம். அபூதாபியில் டிஸ்னி பூங்கா ஒன்று வரப்போவதாக 2025 மே மாதத்தில் அறிவிப்பும் வந்து விட்டது. இவ்வளவு ஏன்? நமது கண்டியில் பெரஹரா நாட்களில் வீதியோர ஹோட்டல்கள் சாப்பாட்டையும் இருக்கையையும் சேர்த்து உல்லாசப் பயணிகளுக்கு விற்பதில்லையா?

எல்லாவற்றிலும் ஒரே விடயம்தான். காட்சி சும்மா கிடைக்கிறது, அல்லது வாசல் காசுக்குள் அடங்கி விடுகிறது. சோறு எங்கும் கிடைக்கும். விலை போவது இரண்டுமல்ல. காத்து நிற்காமல் இருக்கும் சௌகரியமே விலை போகிறது. அதைத் தனியாக விற்றால் கசக்கும். அதனால் சோற்றுக்குள் வைத்து விற்கிறார்கள்.

இது ஆகுமானதா? ஒரு பேரத்துக்குள் இன்னொரு பேரத்தை நிபந்தனையாக்கும் வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் சிலருக்கு இதில் ஐயம் எழுகிறது. "உன் பொருளை எனக்கு விற்றால்தான் என் பொருளை உனக்கு விற்பேன்" என்பது போன்ற பேரத்தையே இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் அதற்கு விளக்கமாகச் சொன்னார்கள். இது அதுவல்ல. விற்பனையையும் வாடகையையும் ஒரே விலையில் சேர்த்தால் வலுவான சொல்லின்படி இரண்டும் செல்லும் என்பதே மின்ஹாஜின் தீர்ப்பு. சொன்ன விலையை இரண்டின் பெறுமதிக்கும் ஏற்பப் பங்கிட வேண்டும். சாப்பாடு விற்பனை, இருக்கை வாடகை என்று எடுத்தால், 160இல் 110 சாப்பாட்டுக்கு, 50 இருக்கைக்கு. வாடகைக்கு எடுத்த வீடு இடிந்து விட்டால், மீதிக் காலத்துக்கு வாடகை இல்லை என்று ஓதியிருக்கிறோமே, அதுபோல இருக்கையின் பயன் கிடைக்காதபோது அந்த 50 திரும்ப வேண்டும்.

"ஆனா அவங்க இலவசம் எண்டு சொல்றாங்களே ஹஸரத்?"

நல்ல கேள்வி. அன்பளிப்பு கைக்கு வந்து சேரும் வரை பெறுபவருக்கு உரிமையாகாது. அவர்கள் சொல்வது போல் அது அன்பளிப்புத்தான் என்றால் கேட்க வழியில்லை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது சொல்லையா, கருத்தையா என்பதில் நமது மத்ஹபின் இமாம்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான்: அதே சாப்பாட்டை அதே இடத்தில் 110க்கு விற்றுக் கொண்டு, இருக்கையோடு 160 வாங்குபவர் அந்த ஐம்பதை அன்பளிப்பு என்று சொல்வது பொருந்தாது. எனவே நிர்வாகத்துக்குப் பண்பாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. ஆயினும் அச்சிட்ட நிபந்தனைக்கு இணங்கித்தான் வாங்கினோம். அந்நாட்டுச் சட்டம் அதைத்தான் பார்க்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் பூங்காவோடுள்ள கணக்கு. காக்காவுக்கும் தம்பிக்கும் இடையிலான கணக்கு வேறு. "எடுங்க காக்கா, பாதி என்ட கணக்கு" என்று தம்பி சொன்ன கணத்தில் மூத்தவர் அவருடைய வகீல் ஆகிவிட்டார். வகீல் அமானிதக்காரர். அவர் அலட்சியம் செய்யாதவரை, வந்த நட்டம் அவரை அனுப்பியவரையும் சேரும். நடக்காத காட்சிக்குக் காசில்லை என்ற வாதத்தைப் பூங்காவிடம் சொல்லலாம். தன் சொல்லை நம்பிக் கைக்காசைக் கட்டிய காக்காவிடம் சொல்ல முடியாது. அந்த 150 தம்பியின் பொறுப்புத்தான்.

இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அப்போது நான் கேட்டேன்: "மகன், காசு கட்ட முந்தி அந்தச் சீட்டுட நிபந்தனைய வாசிச்சீங்களா? வாசிச்சுத் தம்பிக்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்து கொண்டார்.

"வாசிக்காதது பெரிய குற்றமில்ல. எல்லாரும் அப்பிடித்தான். ஆனா அலட்சியம் கொஞ்சமும் இல்லையெண்டு உங்களால சத்தியம் செய்ய ஏலுமா?"

அன்று இஷாவுக்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போனேன். உம்மா பிளேன்டி ஊற்றித் தந்தார். மகன்மாரின் கதை அவருக்குத் தெரியும். அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். "என்னத்தச் சொல்ற மௌலவி? ரெண்டு மணிக்குத்தான் பகல் சாப்பாடு தின்ட. அஞ்சு மணிக்குத் திரும்பவும் தின்னச் சொன்னாங்க. காசு குடுத்ததாமே எண்டு எல்லாரும் வில்லங்கத்துக்குத் தின்டாங்க. சாப்பிட்ட நேரம் பசிக்கல்ல, பசிச்ச நேரம் சாப்பாடு இல்ல. நான் அந்தக் காட்சியக் கேட்கவே இல்லையே! ரெண்டு புள்ளையளுக்கும் நடுவுல இருக்கத்தானே போன" என்றார்.

மூத்தவர் எழுந்து வெளியே போய் விட்டார். சிறிது நேரத்தில் தொலைபேசியில் தம்பியோடு பேசும் குரல் கேட்டது. நான் விடைபெற்றுப் புறப்படும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. தம்பி மிச்சக் காசை அனுப்பி விட்டாராம். காக்கா அதை வாங்க மறுத்தாராம். தீர்ப்பு உரிமையைக் காட்டும். உரிமையில் ஒரு பங்கை விட்டுக் கொடுப்பதில்தான் சமாதானம் இருக்கிறது.

வாசகர்களே! பெருநாள் காணிவேல், பாடசாலைச் சுற்றுலா, உம்றா போய் வரும் வழியில் இரண்டு நாள் டுபாய் என்று நமது குடும்பங்களும் இப்படியான பெக்கேஜ்களைச் சந்திக்கின்றன. குடும்பம் மகிழச் செலவழிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. முழங்கால் நோவுள்ள தாயை நிற்க விடாமல் அமர வைக்க 50 திர்ஹம் கொடுப்பது வீண்விரயமுமல்ல, நல்ல செலவு. ஆனால் காசை நீட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். இந்தச் சாப்பாடு மட்டும் என்ன விலை? மிச்சம் எதற்கு? காட்சி நடக்காவிட்டால் என்ன தருவார்கள்? எண் போட்ட இருக்கையா, வெறும் பகுதியா? சாப்பிடும் நேரம் நமக்குப் பசிக்கும் நேரமா? காட்சி இருட்டிய பின் தொடங்குவதால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் எங்கே இடம்? பிற நாடுகளில் என்றால், இறைச்சி ஹலாலானதா?

இன்னொன்று. பெரியவர்களுக்காகத்தான் செலவு என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள். அவர்கள் விரும்புவது சில வேளை விலைப் பட்டியலிலேயே இருக்காது. இரண்டு பேர் சேர்ந்து செலவு செய்வதாக இருந்தால், நட்டம் வந்தால் யார் மீது என்பதை முன்னரே பேசிக் கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்தது உறவைப் பாதுகாக்கவும்தானே!

நானும் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இவ்வருடம் மின்ஹாஜில் அந்தப் பாடம் வரும்போது வினாகிரியோடு நிறுத்தப் போவதில்லை. ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கரும்பலகையில் வரைந்து, விலையைப் பங்கிடச் சொல்வேன். பின்பக்கத்தையும் வாசிக்கச் சொல்வேன்.

வல்ல அல்லாஹ் நமது செலவுகளில் பரக்கத்தையும், நமது வீடுகளில் ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.