‘அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்ல!’ - பள்ளிக்கால ‘நானு’க்கு கல்லூரி மாணவர்கள் சொல்ல நினைப்பது என்ன?

காலை எட்டு மணிக்கு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குள் நுழையும் ஏதாவது ஒரு பஸ்ஸைப் பாருங்கள். வேடசந்தூர், நத்தம், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் என எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதில் இரண்டு கூட்டம் இருக்கும். யூனிஃபார்ம் போட்ட ஸ்கூல் பிள்ளைகள் ஒரு கூட்டம். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் கல்லூரி மாணவர்கள் இன்னொரு கூட்டம். வயது வித்தியாசம் இரண்டோ மூன்றோ வருஷம்தான். ஆனால் ஐ.டி. கார்டு கூட்டத்துக்குத் தெரிந்த சில விஷயங்கள், பக்கத்து சீட்டில் இருக்கும் யூனிஃபார்ம் கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

‘ஸ்கூல் படிக்கும்போது இருந்த உனக்கு இப்போ ஒரு அட்வைஸ் சொல்லணும்னா என்ன சொல்லுவ?’ என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டால், முதல் பதில் பெரும்பாலும் ஜாலியாகத்தான் வரும். ‘போனை கீழ வை’, ‘ஒழுங்கா தூங்கு’ என்பது மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது பதில் வரும். ‘இதை அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்ல’ என்று தொடங்கும் பதில் அது. அதில் இருப்பது அறிவுரையைவிட தகவல்தான். நேரத்துக்குக் கிடைக்காமல் போன தகவல்.

வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் அது சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கிடைத்துவிடும். மில்லுக்கும் மார்க்கெட்டுக்கும் காட்டு வேலைக்கும் போகிற அப்பா, அம்மாவின் பிள்ளைக்கு அதை யார் சொல்வது? அதனால்தான் இதை வெறும் மலரும் நினைவுகளாக ஒதுக்கிவிட முடியாது.

*குரூப் எடுக்கும் அந்த ஒரு நாள்*

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் குரூப் முடிவாகிறது. எப்படி முடிவாகிறது? நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், கொஞ்சம் குறைந்தால் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ். அல்லது, ஃப்ரெண்ட் எடுத்த குரூப். அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சில கதவுகள் மூடிவிடும்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. மற்றபடி கணிதம் எடுக்காதவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் இல்லை. நீட் எழுத உயிரியல் வேண்டும். என்.டி.ஏ. தேர்வில் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம்.

மூடாத கதவுகளும் இருக்கின்றன, அவற்றையும் யாரும் சொல்வதில்லை. சட்டப் படிப்புக்கான கிளாட், ஃபேஷன் டிசைன் படிப்புக்கான நிஃப்ட் தேர்வுகளுக்கு குரூப் தடை இல்லை. சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்துவைத்து, பிளஸ் டூவுக்குப் பிறகு தேர்வு எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் பிளஸ் டூவில் எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போகிறவர்கள் மூன்று வருட டிப்ளமோவை முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

‘மார்க் குறைஞ்சவங்கதான் காமர்ஸ் எடுப்பாங்க’ என்ற பேச்சுக்கு இந்த ஊரே பதில் சொல்லியிருக்கிறது. 2023 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 600 எடுத்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த நந்தினி, திண்டுக்கல் அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவி. தச்சுத் தொழிலாளியின் மகள். எடுத்தது காமர்ஸ். ஆடிட்டர் ஆக வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று அப்போதே சொன்னார். என்ன ஆக வேண்டும் என்று தெரிந்து குரூப் எடுத்தால், எந்த குரூப்பும் ‘கடைசி குரூப்’ இல்லை.

*பிளஸ் ஒன் புக்கை தூக்கிப் போடாதே!*

பிளஸ் டூ கணக்கில் சென்டம் அடித்தவர் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைப்பது இன்ஜினீயரிங் கல்லூரிகளில் புதுக் கதை கிடையாது. ‘புக் பேக்’ கேள்விகளை மனப்பாடம் செய்தே தேறிவிட்ட பழக்கம் ஒரு காரணம். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டியது இன்னொரு காரணம். லிமிட்ஸ், டிஃபரன்ஷியேஷன், இன்டகிரேஷன் எல்லாம் அறிமுகமாவதே பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில்தான். இயற்பியலில் மெக்கானிக்ஸ் இருப்பதும் பிளஸ் ஒன்னில்தான். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்விகள் உண்டு.

பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூவுக்குத் தாவுகிறார்கள் என்ற புகார் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. ஆனால், 2025-26 கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வை அரசு நீக்கிவிட்டது. தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய தாவல் திரும்ப வரவும் வாய்ப்பிருக்கிறது. பொதுத்தேர்வு இல்லை என்பதற்காக அந்தப் புத்தகம் தேவையில்லை என்று ஆகிவிடாது. இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் இன்றைய கல்லூரி மாணவர்கள்தான்.

*ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் லேட்!*

‘ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது வீடுகளில் சகஜமான வார்த்தை. பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்திருக்கும். ஜே.இ.இ. மெயின் ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை நடக்கும். ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய வருடமே முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அதாவது, மார்க் ஷீட் கைக்கு வருவதற்குள் சில பஸ்கள் போய்விட்டிருக்கும்.

சான்றிதழ்களும் அப்படித்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றையும் மே மாதக் கூட்டத்தில் இ-சேவை மையத்தில் நின்று வாங்குவதைவிட, அரையாண்டு லீவிலேயே விண்ணப்பித்துவிடுவது புத்திசாலித்தனம்.

*பணம் கட்டுவதற்கு முன்னாடி ஒரு நிமிஷம்*

வீட்டின் கடன் தொகையையே மாற்றிவிடக்கூடிய தகவல் இதுதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டப் படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் அந்த ஒதுக்கீட்டின் கீழ் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான்.

இரண்டு இடங்களில் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒன்று, பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதும் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுவது. அது சில பிள்ளைகளுக்குச் சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கையை விட்டுப் போகக்கூடும் என்பது தெரிந்துதான் மாற்ற வேண்டும். இரண்டு, ‘சீட் தீர்ந்துடும்’ என்ற பயத்தில், கவுன்சலிங் தொடங்கும் முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டிவிடுவது. நகையை அடகு வைத்து ஒரு சீட்டை வாங்கிய பிறகு, அதே மாதிரி சீட் கவுன்சலிங்கில் கட்டணமே இல்லாமல் கிடைத்திருக்கும் என்று தெரிய வரும்போது அந்த வலி நான்கு வருஷத்துக்கும் இருக்கும்.

*சீனியர் சொல்வதெல்லாம் வேதமா?*

இல்லை. அரியர் வைத்தவர் ‘இன்ஜினீயரிங்கே வேண்டாம்’ என்பார். கேம்பஸில் வேலை கிடைத்தவர் ‘இதை விட்டா வேற எதுவும் இல்லை’ என்பார். இரண்டும் ஒருத்தர் அனுபவம்தான். குறிப்பாக, ‘மார்க்கெல்லாம் முக்கியமே இல்லை’ என்ற அட்வைஸை உஷாராகக் கேட்க வேண்டும். அதைச் சொல்பவர்கள் மார்க்கை வைத்து சீட் வாங்கி உள்ளே போய்விட்டவர்கள். ஒருவரிடம் கேட்பதைவிட மூன்று பேரிடம் கேட்பது நல்லது. விதிமுறைகளையும் தேதிகளையும் அந்தந்த வருட அரசு அறிவிப்பில் சரிபார்ப்பது அதைவிட நல்லது.

அரசும் சும்மா இல்லை. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் தருகிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஆனால், குரூப் முடிவாவது அதற்கு இரண்டு வருஷம் முன்பு. அந்த இடத்தில் மேடைப் பேச்சைவிட, போன வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா சொல்லும் நான்கு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மதியம், கடந்த இரண்டு வருடங்களில் படித்துவிட்டுப் போன பத்துப் பேரை ஒவ்வொரு பள்ளியும் அழைக்கலாம். எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரியில் படிப்பவர், காந்திகிராமத்தில் படிப்பவர், பாலிடெக்னிக் போனவர், படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவர் என எல்லோரும் அதில் இருக்க வேண்டும். டாப்பர்களை மட்டும் மேடை ஏற்றினால் பாதிக் கதைதான் கேட்கும். பெற்றோரும் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.

பள்ளிக்கால ‘நான்’ திரும்ப வரப் போவதில்லை. ஆனால், அதே யூனிஃபார்மில் அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ உட்கார்ந்திருக்கிறார்கள். ‘என்ன குரூப் எடுக்கப் போற?’ என்று ஒரு வார்த்தை கேட்க, இறங்கும் ஸ்டாப்பிங் வரை நேரம் இருக்கிறது.