அம்பாசிடருக்கு முரட்டு வைத்தியம்

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. மட்டாஞ்சேரியில் அதை இன்னும் வைத்திருப்பவருக்கு அசல் உதிரி பாகம் கிடைப்பது அரிது. வெளிக் கம்பெனிச் சரக்கே கதி. அதில் தவறில்லை. முன்பக்க டார்ஷன் பார் தளர்ந்தால், பின்பக்கப் பட்டைகள் தொய்ந்தால், மாற்றித்தானே ஆக வேண்டும்?

ஆனால் புதுக் கார் போல் ஓட வேண்டும் என்று விறைப்பான ஷாக் அப்சார்பரும் கெட்டியான பாலியூரிதேன் புஷ்ஷும் மாட்டுவது வேறு விஷயம். அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். ரப்பர் புஷ் விழுங்கும் அதிர்ச்சியைக் கெட்டி புஷ் நேரே தகட்டுக்குக் கடத்திவிடும். கடற்காற்றில் துருவேறிய தகடு எத்தனை நாள் தாங்கும்? முதலில் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்து, உளுத்த இடத்தை வெட்டிப் பற்றவைத்த பிறகே மற்றதெல்லாம். இதைச் சொல்லும் மெக்கானிக்கை வேலை தெரியாதவன் என்று ஏசுகிற முதலாளிகளும் உண்டு!

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரள வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பாலத்தில் வண்டி முறிந்தால் பழி பட்டறைத் தொழிலாளி தலையில்தான் விழும். எந்தப் பாகம், யார் சொல்லிப் போட்டது என்று பில்லில் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.